ஏடுகளும் அபிப்பிராயங்களும்

திருவண்ணாமலையினின்று வேலூருக்குச் செல்லும் பெருவழியில், நகரத்தை ஒட்டியிருப்பது வேங்கிக்கால் என்னும் ஊர். முன்னாளில் ஏரியும் கழனியுமாகக் கிடந்த அவ்விடம், 1989-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகமும் அவ்வெல்லையில் அமைந்தபின், உத்தியோகஸ்தரும் ஓய்வு பெற்றோரும் மிகுந்து வாழும் குடியிருப்பாயிற்று. வீட்டு மாடியில் நின்றால் அண்ணாமலை நன்கு தோன்றும். கார்த்திகைத் தீபத்தன்று அவ்வூரார் பலர், நகரத்து நெருக்கத்திற் புகாமல், தத்தம் மாடியினின்றே சோதியைக் கண்டு கைகூப்புவர்.

அவ்வூரில், வருவாய்த் துறையிற் பணிசெய்து ஓய்வு பெற்ற சைவ அன்பர் ஒருவர் வாழ்ந்து சிவபதம் எய்தினார். அவர் தேடி வைத்த பொருள் வீடு ஒன்றும் நூல்கள் ஏறக்குறைய நானூறுமே. ஆண்டுத் திதி கழிந்தபின், அவர்தம் மனைவியாரைச் சென்னையிலுள்ள மைந்தர் தம்மோடு வந்திருக்குமாறு அழைத்தார். சென்னை வீட்டில் ஒரு பீரோவிற்கு மட்டுமே இடம் உண்டு, இங்கிருந்தவையோ மூன்று. ஆதலின் எவற்றைக் கொண்டு போவது, எவற்றை அன்பர்க்கு ஈவது, எவற்றைப் பழைய காகிதக்காரனுக்கு நிறுத்துப் போடுவது என்னும் வினா எழுந்தது. கேட்பதற்கு எளிய வினாத்தான். ஆனால் இறந்தவர் நாற்பது ஆண்டு சிறுகச் சிறுகச் சேர்த்தவற்றை ஒரு பகலில் மூன்று கூறாகப் பிரித்தல் அவ்வம்மையார்க்கு எளிதாக இல்லை. அவர் எழுத்தறிந்தவர், எனினும் அந்நூல்களிற் பாதிக்கு மேல் அவர் திறந்து பார்த்ததில்லை.

ஆகவே கணவர்தம் நெடுநாள் நண்பராகிய பெரியவர் ஒருவரை வருவித்தார். அப்பெரியவர் சிவதீக்கை பெற்றவர். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனையும் முறையாகப் பாடங்கேட்டவர். ஆறுமுக நாவலர் நெறியில் ஊன்றியவர். கல்லூரியில் தமிழ் பயிலும் அம்மையாரின் அண்ணன் பேர்த்தி ஒருத்தி உதவிக்கு வந்தாள். பௌர்ணமிதோறும் தவறாது கிரிவலம் வரும் அயல்வீட்டு வணிகர் ஒருவரும், பெட்டி கட்டுதற்கென்று வந்தவர், பெட்டியைக் கட்டாமல் பேச்சிற் கலந்துகொண்டார்.

பெரியவர் முதலில் திருமுறைகளையும், சித்தாந்த சாத்திரங்களையும், சிவஞான முனிவர் நூல்களையும், நாவலர் பதிப்புக்களையும் எடுத்து ஒருபுறம் அடுக்கினார். அதில் எவர்க்கும் தடையில்லை. அடுத்துத் தலநூல்கள். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம், குகை நமசிவாயரின் அருணகிரி அந்தாதி, குரு நமசிவாயரின் அண்ணாமலை வெண்பா, சிவப்பிரகாசரின் சோணசைல மாலை ஆகியவை வந்தன. சிவப்பிரகாசர் மலையை வலம் வருங்காற் பாடியது என்று வழங்கும் அம்மாலை நூறு செய்யுளையும் வணிகர் நெட்டுருவாக அறிவார். அது கண்டு கல்லூரி மாணவி வியந்தாள். ஆயின் அச்சிவப்பிரகாசரே இயற்றிய பிரபுலிங்க லீலை கைக்கு வந்தபோது பெரியவர் சிறிது தாமதித்தார். அது கன்னட நூலைத் தழுவியது, வீரசைவச் சார்பினது. "தமிழ்ச் சுவைக்குக் குறைவில்லை, பொருளிலே நமக்கு உடன்படாதன உள" என்று கூறி அதனை நடுவில் வைத்தார். அப்பொழுதே நடுவடுக்கு ஒன்று தோன்றிவிட்டது. மாலைக்குள் மூன்றடுக்கினும் அதுவே உயர்ந்து நின்றது.

மூன்றாவது அடுக்கு சீவக சிந்தாமணியோடு தொடங்கிற்று. அதன் மேல் சிலப்பதிகாரம், மணிமேகலை, பெருங்கதை, எட்டுத்தொகையுட் சில, கம்பராமாயணம், வீரமாமுனிவரின் தேம்பாவணி, உமறுப்புலவரின் சீறாப்புராணம் என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பெரியவர் இவற்றை வெறுத்து ஒதுக்கினார் என்று நினைத்தல் கூடாது. சென்னைக்குப் போகும் ஒரே பீரோவில் இவற்றுக்கு இடமில்லை என்பதே அவர் கருத்து. வாழ்நாள் சிறிது, கற்க வேண்டுவன பல, முதலிற் கற்கத்தக்கது எதுவோ அதனைக் கற்று முடித்தவர் யார் என்று கேட்டார். அவ்வினாவிற்கு மாணவி உடனே விடைகூறவில்லை.

பெரியவர் கூறியது அவர்தம் சொந்தக் கருத்தன்று. மிகப் பழைய ஒரு கருத்தின் எதிரொலி. திருவாவடுதுறை ஆதீனத்து ஈசான மடத்தில் விளங்கிய சுவாமிநாத தேசிகர், 17-ஆம் நூற்றாண்டினர், மயிலேறும் பெருமாள் பிள்ளையிடம் தமிழும் கனகசபாபதி சிவாசாரியரிடம் வடமொழியும் கற்றவர், இலக்கணக் கொத்து என்னும் நூலை இயற்றித் தாமே உரையும் வகுத்தார். அவ்வுரையில், நூல்களைத் தரம் அறியாது கலந்து கற்பாரை அவர் கடிந்திருப்பதைச் சைவப் புலவர் அறிவர். மாணிக்கவாசகரின் திருவாக்கைச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, சங்கச் செய்யுள், கொங்குவேள் மாக்கதை ஆகியவற்றோடு ஒரு நிரையில் வைப்பவர்மேல் அவருக்குப் பெருஞ்சினம். தேவாரமும் பெரியபுராணமும் சித்தாந்த நூல்களும் இருக்க, நன்னூலிலும் காரிகையிலும் பத்துப்பாட்டு, எட்டுத்தொகையிலும், இராமன் நளன் அரிச்சந்திரன் கதைகளிலும் ஆயுளைப் போக்குவார்க்கு அவர் இரங்குகின்றார். இதனைப் பெரியவர் நன்கு அறிந்திருந்தார். அவ்விடத்தை எடுத்துக் காட்டவும் செய்தார்.

மாணவி பணிவோடு, "தாத்தா, தேசிகர் அந்நூல்களின் பெயரையெல்லாம் ஒழுங்காகச் சொல்லுகிறாரே, கண்டறியாமலா சொன்னார்? வேண்டா என்றவரே இலக்கணம் எழுத வேண்டியதாயிற்றே" என்றாள்.

பெரியவர் சிரித்தார். அச்சிரிப்பில் வருத்தம் இல்லை. ஏனெனில் அதற்கும் மேலான ஒன்று அவர்க்கே தெரியும். அத்தேசிகரின் மாணாக்கர் சங்கர நமச்சிவாயர். அவர் உரை வகுத்தது எந்நூலுக்கு? ஆசிரியர் வீண்பொழுதென்று குறித்த வரிசையில் நின்ற நன்னூலுக்கே. அதனை இயற்றிய பவணந்தியார் சமண முனிவர். அவ்வுரையைப் பின்னர் திருத்திப் புதுக்கியவர், சிவஞான போதத்துக்கு மாபாடியம் அருளிய சிவஞான முனிவர். சைவத் திருமடங்களில் தமிழ் பயின்றவர் அவ்விருத்தியைக் கற்றனர். தேசிகர் சொல்லை மாணாக்கர் மீறினார் என்று ஒருவரும் அவர்மேற் குறை கூறவில்லை. நூலைப் பற்றிய ஓர் ஆசிரியரின் மதிப்பு ஒன்று. அவர் மாணாக்கர் கையில் அந்நூல் ஆற்றும் பணி வேறொன்று. சிவஞான முனிவரோ நூல்களை மதிப்பிடுவதில் மென்மை அறியாதவர். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதியதற்கு அவர் இட்ட பெயர் சூறாவளி. இக்காலத்து மதிப்புரைகாரர் எவரும் அத்துணைத் துணிவோடு தம் கட்டுரைக்குப் பெயரிடுவதில்லை.

சிந்தாமணியைப் பற்றிய வழக்கு அதனினும் பழையது. சேக்கிழார் புராணம் கூறும் வரலாற்றை அன்பர்கள் அறிவர். சோழ மன்னன் அச்சமண காவியத்தை மெய்யெனக் கொண்டு சுவைத்திருந்தானாக, அமைச்சராகிய சேக்கிழார் அது தகாதென இடித்துரைத்துத் திருத்தொண்டர் சரிதத்தை அவனுக்கு அறிவித்தார் என்பது அது. அதனைக் காட்டிச் சிந்தாமணியை விலக்குவார் உளர். ஆனால் அவ்வரலாற்றை நிதானித்து நோக்கினால், சேக்கிழார் அந்நூலை எரிக்கச் சொன்னாரல்லர். அதனினும் உயர்ந்த ஒரு நூலைப் பாடிக் கொடுத்தார். உயர்ந்த நூலைப் பாட வல்லவர்க்குப் பிற நூலை அழிக்க வேண்டுவதில்லை. சிவநெறியில் ஊன்றிய நச்சினார்க்கினியரே சிந்தாமணிக்கு உரை கண்டார். முதலில் எழுதிய உரையைச் சமணர் ஒப்பாமையால், அவர் சமண நூற்பொருளை முறையாகக் கற்று மீண்டும் எழுதினார் என்று கர்ணபரம்பரையாக ஒரு செய்தி வழங்குகின்றது. அச்செய்தி உண்மையோ அன்றோ, அதனைச் சொல்லிச் சொல்லிக் காத்தவர்களின் மனநிலை அதில் விளங்குகின்றது.

இனி, சைவ சித்தாந்தியே பிறர் நூலைக் கல்லாது தன் நூலை முற்றக் கற்க இயலுமோ என்பதும் கருதத்தக்கது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களின் கொள்கையை முன்வைத்து மறுக்கின்றார். முன்வைத்தலில் அவர் காட்டும் நேர்மை பெரிது. எதிரியின் வாயில் வலுவற்ற வாதத்தை வைத்து வென்றவரல்லர். அந்நூல்களைத் தொடாதவராயின் அது கைகூடியிராது. பெரியவர் பரபக்கத்தைப் பாடங்கேட்டவராதலின் இதனை மறுக்கவில்லை. "அருணந்தியார் கற்றார் என்பதனால் அனைவரும் கற்க வேண்டும் என்பது பெறப்படுமோ? மருத்துவன் நஞ்சைக் கையாளுவான், நோயாளி கையாளலாமோ?" என்றார். வணிகருக்கு அவ்வுவமை மிகவும் பிடித்துவிட்டது. ஆயினும் சிந்தாமணியை நஞ்சென்பது மிகை என்று அம்மையாரே மெல்லக் கூறினார். ஏனெனில் அவர் கணவர் பல ஆண்டு இரவிலே விளக்கை வைத்துக்கொண்டு வாசித்தது அந்நூலையே.

இவ்விடத்தில் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒன்றை மாணவி எடுத்துக் கூறினாள். 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அவ்வூர்க்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை, கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சென்று கண்டார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும், பின்னர் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரிடமும் கற்றவர். அவர் கற்ற நூல்களின் தொகை பெரிது. என்ன கற்றீர்கள் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத் தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பு ஒரு சிறிதும் தோன்றவில்லை. இவற்றுக்கு மூலமாகிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என்று கேட்டார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயரும் சொன்னார். ஐயர் அவற்றைக் கற்றிருக்கவில்லை.

ஒரே நூல் வரிசை. ஒருவர்க்கு அது வாழ்நாட் செல்வம். மற்றொருவர்க்கு அது வாயிலின் வெளியே நிற்கும் கூட்டம். இருவரும் தமிழன்பர், இருவரும் அறிவுடையோர். முதலியாரின் மதிப்பு முழுதும் நேரியது என்று சொல்லுதற்கில்லை. மகாவித்துவானின் பிள்ளைத் தமிழ்களிலும் தலபுராணங்களிலும் உள்ள சொல்வளமும் பக்தியும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. அவற்றை ஒரே வீச்சிற் பயனற்றன என்பார் பலர், பின் வந்த ஆராய்ச்சியாளர் சொல்லக் கேட்டவரேயன்றி, தாம் ஒரு படலமேனும் கற்றவரல்லர். ஆயினும் அன்று முதலியார் வினவிய வினா நற்பயன் விளைத்தது. ஐயர் சிந்தாமணியைக் கையிலெடுத்தார். பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லந்தேடிச் சென்று கேட்டார். அவர்கள் அவரைத் தம்முள் ஒருவர் போலவே மதித்துக் கற்பித்தனர். சைவ மடத்திற் கற்றவர் சமண நூலை அச்சிடுவதா என்னும் முணுமுணுப்பு எழாமலில்லை. நூல் 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை, 1924-ல் பெருங்கதை எனச் சுவாமிநாத தேசிகர் வீண் என்ற வரிசையிலுள்ள நூல்கள் பல, அத்தேசிகரின் ஆதீனத்தில் வளர்ந்த ஒருவர் கையாலேயே ஒவ்வொன்றாய் உலகிற்கு வந்தன. திருவாவடுதுறையாரும் இதனைத் தடுத்திலர். சுப்பிரமணிய தேசிகர் ஐயரிடத்துக் கொண்ட அன்பு அவர் 1888-ல் பரிபூரணம் அடையுங்காறும் குறையவில்லை.

மாணவி இவ்வளவில் நிறுத்தியிருந்தால் பெரியவர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பார். அவள் வளையாபதியைப் பற்றியும் கூறினாள். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலின் ஏட்டுச் சுவடியைத் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் இளமையிற் பார்த்ததாக ஐயரே எழுதியிருக்கின்றார். அப்போது பழைய நூலாராய்ச்சியில் அவர்க்கு ஈடுபாடு இல்லை; ஆதலின் அதனைக் கையில் எடுத்துப் படித்தாரில்லை. பின்னர் அதன் அருமை தெரிந்து தேடியபோது அச்சுவடி கிடைக்கவில்லை. இன்று அந்நூலில் எஞ்சியவை பிற உரைகளில் எடுத்தாளப்பட்டும் தொகைநூல்களிற் புகுந்தும் தப்பிய சில செய்யுட்களே.

இதற்கு ஒரு தேசிகரின் உரையையோ ஒரு மடத்தையோ காரணமாக்குதல் அறமன்று. கறையான் உண்டதும், ஆற்றுப் பெருக்கில் விட்டதும், படியெடுப்பார் இன்மையும் எனக் காரணம் பல. மடங்கள் காத்திராவிடின் இன்றுள்ளவற்றிலும் பாதி கிடைத்திராது. எனினும் ஒரு நூலை வேண்டா என்று நினைப்பவர் அதனை அழிக்க வேண்டுவதில்லை. படியெடுக்காமல் இருந்தாற் போதும். ஓலை தானே போய்விடும். மாணவி இதனைச் சொல்லிய பொழுது, வணிகர் கையிலிருந்த கயிற்றைத் தரையில் வைத்துவிட்டார்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஓலை வேறு, அச்சு வேறு, குழந்தாய். இந்தச் சிந்தாமணி நம் வீட்டில் இல்லாவிடினும் நூறு நூலகத்தில் இருக்கும்" என்றார். அது நியாயமான விடையே. அவள் மறுக்கவில்லை.

திருப்புகழைப் பற்றி எழுந்த வழக்கோ வேறுவகையது. அது மைந்தரால் எழுந்தது. அவர் தொலைபேசியிற் பேசுங்கால், சில பாடல்களின் முற்பகுதியிற் பரத்தையர் வருணனை மிகுதியாய் வருதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை முழுதும் வைத்து வாசித்தல் எங்ஙனம் என்று கேட்டாராம். இவ்வெறுப்பு புதியதன்று, நூலைப் போற்றுவாரிடத்தும் இது உண்டு. அருணகிரிநாதர் அவ்வாழ்வின் இழிவைத் தம்மேல் ஏற்றிப் பாடிப் பின் முருகன் திருவடியைச் சரண்புகுகின்றார். சேற்றைக் காட்டாமல் கரையேறுதலைக் காட்டுவது எவ்வாறு என்பர் ஒரு சாரார். பொருள் அவ்வாறாயினும் சந்தத்தின் இனிமை சேற்றையும் இனிதாக்கிவிடுகின்றதே என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மையுண்டு. இவற்றுள் ஒன்றைத் துணிந்து, முற்பகுதியை விட்டுப் பிற்பகுதியை மட்டும் பாடுவாரும் உளர். அவ்வாறு பாடினால் பாட்டின் எலும்பு முறிந்துபோகின்றது என்பதைப் பாடியவர் அறிவர்.

அண்ணாமலையில் இருப்பார்க்குத் திருப்புகழை விலக்குதல் ஊரை விலக்குதல் போலாகும். கோபுரத்தினின்று வீழ்ந்தவரை முருகன் தாங்கிய வரலாறும் கம்பத்து இளையனார் சந்நிதியும் கிளிக்கோபுரமும் அவ்வூர்ச் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் அந்நூல் கிடைத்த வரலாறு பெரியவர்க்கும் பலர்க்குத் தெரியாது. 1871-ஆம் ஆண்டில் சிதம்பரம் தீட்சிதர்கள் தம் வழக்கொன்றில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாடலின் அழகில் ஈடுபட்ட வ. த. சுப்பிரமணிய பிள்ளை, நீதித்துறை உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றப்பெறும் இடங்களிலெல்லாம் ஏடு தேடினார். முதற் பாகம் 1894-லும் இரண்டாம் பாகம் 1901-லும் வெளிவந்தன. அருணகிரியார் பாடியவை பதினாறாயிரம் என்பது வழக்கு. கிடைத்திருப்பவை 1,300-க்குச் சிறிது மேற்பட்டவை. தந்தை தொடங்கியதை மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை உரையாலும் ஆராய்ச்சியாலும் தொடர்ந்தார். முற்பகுதி பிடிக்கவில்லை என்று அப்பிள்ளை அந்நாளில் ஏடுகளைத் தெரிந்தெடுக்கப் புகுந்திருந்தால் நேர்ந்திருக்கக் கூடியதை எண்ணவும் அச்சமாகின்றது.

அம்மையார் இவ்வாராய்ச்சி ஒன்றையும் கேளாதவர்போல், திருப்புகழ்ப் பாகங்களைத் துடைத்துத் தம் புடவைப் பெட்டியில் வைத்தார். பீரோக் கணக்கில் அவை சேரவில்லை. எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சியது ஒரே நூல். உண்மையில் அன்றையப் பகலின் கடினமான நூல் அதுவே: இராமலிங்க அடிகளின் திருவருட்பா.

இறந்தவர் அதனைத் திருமுறைத் தட்டிலேயே வைத்திருந்தார். அதனைக் கண்டபோது பெரியவர் முகம் மாறிற்று. 1867-ஆம் ஆண்டில் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலியோர் அப்பாடல்களை அருட்பா என்னும் பெயரோடும் திருமுறை என்னும் பகுப்போடும் வெளியிட்டமையே வழக்கின் தொடக்கம். அருட்பா என்பது மூவர் முதலிகளும் மாணிக்கவாசகரும் முதலானோர் திருவாக்கிற்கே உரிய பெயர் என்று நாவலரும் அவரைச் சார்ந்தவரும் வன்மையாக மறுத்தனர். மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை அது சென்றது. இருவரும் மறைந்தபின்னும் கண்டன நூல்களும் மறுப்பு நூல்களும் ஓயவில்லை. யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை ஒரு பக்கத்தில் நின்றார். மற்றொரு பக்கத்தில் நின்று அருட்பாவை ஆதரித்துப் பேசியவருள் ஒருவர் கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், இசுலாமியர். சைவர் இருவர் வழக்கில் இசுலாமியப் புலவர் ஒருவர் சிவனடியார் பாட்டிற்காக மேடையேறியது தமிழ்நாட்டிற்கே உரிய அற்புதம். கதிரைவேற் பிள்ளையின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தரனார், ஆசிரியர் பக்கம் நின்றிருந்தவர், பின்னர் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலே எழுதினார். ஆசிரியரிடத்து அவர் கொண்ட மதிப்பு அதனாற் குறைந்ததாகக் காணவில்லை.

பெரியவர் பாடல்களை இழிவென்றாரல்லர். இளமையில் அவற்றைக் கேட்டுக் கண்ணீர் உகுத்ததுண்டு என்று தாமே ஒப்புக்கொண்டார். ஆனால் திருமுறை பன்னிரண்டு. அத்தட்டில் பதின்மூன்றாவதற்கு இடமில்லை என்றார். அவர் குரலில் பிடிவாதத்தினும் அச்சமே மிகுதியாக இருந்தது. எல்லையை ஒருமுறை நெகிழ்த்தினால் அதனை மீண்டும் கட்டுவார் யார் என்னும் அச்சம் அது. அதனை எளிதாக நகைத்துவிடலாகாது. எல்லை காத்தவர்களாலேயே திருமுறைகள் இன்றுவரை வந்துள்ளன.

அம்மையார், "அண்ணா, அவர் தட்டில் வைத்தது தவறாகவே இருக்கட்டும். மாலையில் விளக்கேற்றும்போது நான் பாடுவது அதிலிருந்துதான். அவர் கடைசி நாளிலும் அதையே பாடச் சொன்னார்" என்றார். அதன்பின் நூலை எடுத்துப் பூசையறையில் விளக்கு மாடத்தின் அருகே கொண்டுபோய் வைத்தார். தட்டும் அன்று, பீரோவும் அன்று. பெரியவர் பூசையறையை நோக்கி இருந்தார், ஏதும் கூறினாரில்லை.

உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தின் தொடக்கத்தில், நூலின் நன்மை தீமையை அதன் பழமையாலும் புதுமையாலும் துணியலாகாது என்று அறிவித்து, கற்போரை மூவகைப்படுத்துகின்றார். மணியின் மேற் படிந்த மாசை நோக்காது மணியையே நோக்குவார் தலையாயவர். பழமையையும் அழகையும் ஆராய்ந்து கொள்வார் இடையானவர். தமக்கென ஒரு துணிவின்றி, பலர் புகழ்ந்தால் தாமும் புகழ்ந்து, பிறர் இகழ்ந்தால் தாமும் இகழ்வார் எஞ்சியவர். அன்று வேங்கிக்கால் வீட்டில் இருந்த நால்வரும் தம்முள் மாறுபட்டனரேயன்றி, அவருள் மூன்றாம் வகையினர் எவரும் இலர். வணிகரைப் பற்றி மட்டும் சிறிது ஐயம், ஏனெனில் அவர் இறுதியாகப் பேசினவர் பக்கமே ஒவ்வொரு முறையும் சார்ந்தார்.

மாலை விளக்கு வைக்கும் நேரத்திற் பெரியவர் மூன்றாம் அடுக்கின் அடியிலிருந்த சிந்தாமணியை, காகிதக்காரனுக்கோ நூலகத்திற்கோ அனுப்புமுன் ஒருமுறை பார்ப்போம் என்று உருவினார். ஏடுகளின் ஓரமெங்கும் இறந்தவர் பென்சிலாற் சிறு எழுத்தில் எழுதியிருந்தார். நாமகள் இலம்பகத்து நாட்டு வளம் கூறும் இடத்தில், பெரியபுராணத்துத் திருநாட்டுச் சிறப்போடு ஒப்பு நோக்குக என்று செய்யுள் எண்கள் குறித்திருந்தார். மேலும் சில பக்கங்களில் திருவாசகம். சில இடங்களில் மறுப்பு. சமணக் கொள்கை வருமிடத்துச் சித்தியார்ப் பரபக்கத்தின் எண். ஓரிடத்தில் எண் ஒன்றுமின்றி, "நண்பரைக் கேட்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. அந்நண்பர் யார் என்பது அங்கிருந்த அனைவர்க்கும் விளங்கிற்று.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கேட்டதேயில்லை என்றார். பின்னர் நூலைத் தம் பைக்குள் இட்டு, உரை சில இடங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி எழுந்தார்.

திருமுறைகளும் சாத்திரங்களும் தலநூல்களும் சென்னைக்குச் சென்றன. நடுவடுக்கு மாணவியின் விடுதிக்குச் சென்றது. பழைய காகிதக்காரனுக்குப் பஞ்சாங்கங்களும் அலுவலகக் கோப்புக்களுமே கிடைத்தன. சிந்தாமணி மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கு மணநூல் என்று மற்றொரு பெயர் உண்டு, இலம்பகம் பதின்மூன்று. மாணவி இருமுறை கேட்டனுப்பியதற்கு, கனகமாலையார் இலம்பகம் நடக்கின்றது, முத்தி இலம்பகம் வரை பொறுக்க வேண்டும் என்று பெரியவர் விடையனுப்பினார்.